கம்பைலருக்குத் தெரியாததை நாம்தான் சொல்ல வேண்டும்

சி மொழியில் ஒரு லூப் எதிர்பார்த்ததைவிட மெதுவாக ஓடும்போது அசெம்பிளியைத் திறந்து பார்த்தால், மாறவே மாறாத ஒரு மதிப்பை ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்திலிருந்து புதிதாக எடுத்துக்கொண்டிருப்பது அடிக்கடி கண்ணில் படும். கம்பைலர் மந்தமாக இருக்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். பெரும்பாலும் அது தவறான முடிவு. அந்த மதிப்பு மாறாது என்பது நமக்குத் தெரியும். நாம் எழுதிய நிரலில் அந்தச் செய்தி இல்லை. அதை நிரலுக்குள் கொண்டுவருவது நம் வேலை. அதற்கு முதலில் கையில் எடுக்க வேண்டியது சாதாரண லோக்கல் வேரியபிள்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எளிய லூப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கான ஸ்ட்ரக்டில் மூன்று உறுப்புகள்: பிக்சல்களைக் காட்டும் பாயின்டர், அகலம், ஒவ்வொரு பிக்சலோடும் கூட்ட வேண்டிய எண். பிக்சல்கள் அன்சைன்ட் சார் வகை. ஸ்ட்ரக்டின் பாயின்டர் வழியாகவே மூன்றையும் அணுகி லூப்பை எழுதினால், ஒவ்வொரு சுற்றிலும் நான்கு முறை நினைவகத்தைப் படிக்க நேரிடும்: பிக்சல் பாயின்டர், கூட்டும் எண், பிக்சல், அகலம். உண்மையில் தேவைப்படுவது பிக்சல் மட்டும்தான். மற்ற மூன்றும் ஏன்? சார் வகைப் பாயின்டர் எந்த வகைப் பொருளையும் தொடலாம் என்பது சி மொழியின் விதி. ஆகவே ஒரு பிக்சலில் எழுதியது அகலத்தையோ, அந்தப் பாயின்டரையோகூட மாற்றியிருக்கலாம் என்று கம்பைலர் எண்ணியே தீர வேண்டும். அகலம் மாறலாம் என்றால் லூப் எத்தனை சுற்று ஓடும் என்பதைக்கூட முன்கூட்டிக் கணக்கிட முடியாது. லூப்புக்கு முன்பே மூன்றையும் லோக்கல் வேரியபிள்களில் எடுத்து வைத்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். முகவரி எடுக்கப்படாத லோக்கல் வேரியபிளை வேறெந்தப் பாயின்டரும் தொட முடியாது. அது ரெஜிஸ்டரிலேயே தங்க முடியும். அதோடு, 128 பிட் ரெஜிஸ்டர் ஒன்றில் 16 பிக்சல்களைச் சேர்த்துக் கூட்டவும் வழி திறக்கும்.

எல் 1 கேஷில் இருப்பதைப் படிக்க நான்கைந்து சைக்கிள்தானே ஆகிறது, இதற்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்கள் உண்டு. தனியாக நிற்கும் ஒரு படிப்புக்கு அந்த வாதம் சரி. இன்றைய செயலிகள் அந்தத் தாமதத்தை மற்ற வேலைகளுக்கு அடியில் மறைத்துவிடும். ஆனால் ஓர் அணியின் கூட்டுத்தொகையை வெளியிலிருந்து வந்த பாயின்டர் வழியாகவே சேர்த்துக்கொண்டு போனால், முந்தைய சுற்றில் எழுதியதை அடுத்த சுற்று படிக்கக் காத்திருக்கும். தாமதம் சங்கிலியாகத் தொடரும்; மறைக்க இடமில்லை. ரெஜிஸ்டரில் ஒரு சைக்கிளில் முடியும் முழு எண் கூட்டல் இங்கே பல சைக்கிள் இழுக்கும்.

இன்றைய கம்பைலர்கள் இதையெல்லாம் தாமே கண்டுபிடிக்காதா என்பது அடுத்த கேள்வி. ஓரளவு கண்டுபிடிக்கின்றன. இரண்டு அணிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று ஓடும்போதே சோதித்து, வேகமான லூப் ஒன்று, பாதுகாப்பான லூப் ஒன்று என இரண்டு வடிவங்களை ஜிசிசி உருவாக்கும். அந்தச் சோதனைக்கு அணிகளின் எல்லை முன்பே தெரிய வேண்டும். நம் பட லூப்பில் அகலமே நிச்சயமில்லாததால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. கான்ஸ்ட் போட்டாலும் பயனில்லை. இந்தப் பாயின்டர் வழியாக மாற்ற மாட்டேன் என்பதே அதன் பொருள். இன்னொரு பாயின்டர் மாற்றாது என்று அது சொல்வதில்லை. பாயின்டர் வகைகள் வேறுபட்டால் கம்பைலர் தானே பிரித்தறியும் என்பதையும் எல்லா இடத்திலும் நம்ப முடியாது: லினக்ஸ் கெர்னல் அந்த அனுமானத்தை அணைத்துவிட்டே கம்பைல் செய்யப்படுகிறது.

அப்படியானால் ரெஸ்ட்ரிக்ட்? இந்தப் பாயின்டர் வழியாக மாற்றப்படும் இடத்தை வேறு வழியில் தொட மாட்டேன் என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கும் சொல் அது. இதே நோக்கத்தோடு முன்மொழியப்பட்ட நோஅலையஸை 1988-இல் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்ச்சி கடுமையாக எதிர்த்தார், அது கைவிடப்பட்டது. பிறகு சி 99 தரத்தில் ரெஸ்ட்ரிக்ட் வந்தது. இரண்டு அணிகளைப் படித்து மூன்றாவதில் எழுதும் லூப்புக்கு அதுவே பொருத்தமான கருவி, ஏனென்றால் முழு அணியை லோக்கல் வேரியபிளில் அடக்க முடியாது. ஆனால் அது கம்பைலர் சரிபார்க்காத வாக்குறுதி. அழைப்பவர் அதை மீறினால் நடத்தை வரையறுக்கப்படாதது. சோதனைகளில் தேறிய நிரல் ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் தவறான விடை தரலாம். லோக்கல் வேரியபிளில் இந்த ஆபத்து இல்லை. லூப் தொடங்கும்போது இருந்த மதிப்பையே பயன்படுத்து என்று அது தெளிவாகச் சொல்கிறது. பாயின்டர்கள் உண்மையிலேயே மோதினாலும் அந்தப் பொருள் குலையாது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் புரொஃபைலரில் சூடான லூப்பை மட்டும் அடையாளம் காணுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம். அசெம்பிளியில் அந்த லூப்புக்குள் நடக்கும் ஒவ்வொரு நினைவகப் படிப்பையும் பார்த்து, இது சுற்றுக்குச் சுற்று மாறுமா என்று கேளுங்கள். மாறாத தனி மதிப்புகளை லூப்புக்கு வெளியே எடுத்து வையுங்கள். கூட்டுத்தொகையை லோக்கலில் சேர்த்து முடிவில் ஒரே முறை எழுதுங்கள். லூப்பின் நிபந்தனையில், சரத்தின் நீளத்தை அளக்கும் ஸ்டிர்லென் இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். அணிகள் மட்டும் மிஞ்சும்போது, அழைக்கும் இடங்கள் அனைத்தும் உங்கள் கண்பார்வையில் இருந்தால் ரெஸ்ட்ரிக்ட் போடுங்கள். அந்த நிபந்தனையை ஃபங்ஷனின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள். பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். வேகம் கூடவில்லையென்றால் ரெஸ்ட்ரிக்டை நீக்கிவிடுங்கள். பலன் தராத வாக்குறுதியை நிரலில் விட்டுவைக்க எந்த நியாயமும் இல்லை.