பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாச்சா?

சென்னை அண்ணா பல்கலைக்கழகம் போன்ற பெரிய வளாகத்தில் வாய்ப்புகள் தேடி வராது. நாம்தான் தேட வேண்டும்.

• பேராசிரியரைச் சந்திக்கும் முன் அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, ஒரு கேள்வியோடு போங்கள். ஆய்வகத்தில் வேலை கற்க அது வழி திறக்கும்.

• புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? ‘ஷோத்கங்கா’ தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம்.

• கிண்டி மாணவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கம்தான். 2010-இல் திறக்கப்பட்டது, சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு.

• வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நகல்களைத் தயாராக வையுங்கள். உதவித்தொகை அறிவிப்பு வந்தபின் இ-சேவை மையத்துக்கு ஓடினால் கடைசித் தேதி தாண்டிவிடலாம்.

• எல்லா மன்றத்திலும் பெயர் கொடுக்காதீர்கள். இரண்டில் சேர்ந்து, பொறுப்பேற்று உழையுங்கள்.