கூதிர்காலத்துப் பரிசல் மீன்பிடிப்பும் ஏரிக் கெளிறுகளும்

பெங்களூரின் பெரிய ரயில் நிலையத்தை ஒட்டி ஒக்கலிபுரம் என்னும் பகுதி அமைந்துள்ளது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்து வருகின்றன. ரயில் நிலையத்தின் எதிர்ப்புறம் நாள்தோறும் பல்லாயிரவர் பஸ் ஏறும் இடம் முன்னாளில் தர்மாம்புதி என்னும் ஏரியின் படுகையாக இருந்தது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் பின்னர் விளையாட்டரங்கம் எழுந்தது. கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பேராறு ஏதும் பாயாத மேட்டு நிலத்தில் அமைந்த இந்நகருக்கு மழைநீரைத் தேக்கும் ஏரிகளே ஒரு காலத்தில் நீராதாரமாக இருந்தன. மறைந்தவை போக, 1882-இல் அமைக்கப்பட்ட சாங்கி ஏரியும், அல்சூர், ஹெப்பால், பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளும் இன்றும் உள்ளன. நகருக்கு வடமேற்கே, 1894-இல் அர்க்காவதி ஆற்றில் கட்டப்பெற்ற ஹெசரகட்டா நீர்த்தேக்கமும் இவ்வரிசையில் சேர்த்து எண்ணத்தக்கதே.

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழர் வகுத்த கூதிர்காலம். பெங்களூரில் மழை மிகுந்து பெய்யும் மாதம் செப்டம்பர். அக்டோபரிலும் நல்ல மழை பெய்யும். ஆகவே கூதிர் தொடங்கும்பொழுது ஏரிகள் நிறைந்திருக்கும். சில ஏரிகளில் நீர் கலிங்கு வழியே வெளியேறும். கோடையில் வறண்டு புல் முளைத்த கரையோரம் நீரில் மூழ்கும். அங்கிருந்த மண்புழு, பூச்சி, நத்தை முதலியன மீனுக்கு இரையாகும். மழைக்காலத்தில் முட்டையிட்டு மெலிந்த கெளிறுகள் இக்காலத்தில்தான் இரையை நாடிக் கரையோரம் வருகின்றன. பரிசலில் மீன் பிடிப்போர் இப்பருவத்தைக் காத்திருப்பதற்குக் காரணம் இதுவேயாகும்.

பரிசலின் அமைப்பு

தென்னிந்தியப் பரிசல் மிகப் பழைய கலம். ஏறத்தாழ 1520-ஆம் ஆண்டில் விஜயநகரத்திற்கு வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பாயிஸ், துங்கபத்திரையைக் கடக்க மக்கள் பயன்படுத்திய, பிரம்பால் முடைந்து தோல் போர்த்திய வட்ட ஓடங்களைப் பற்றி எழுதியுள்ளார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1933-இல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். மூங்கிற் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் முடைந்து, விளிம்பில் தடித்த வளையம் கட்டி, வெளிப்புறம் மாட்டுத் தோல் போர்த்துவது பழைய முறை. தோலுக்குப் பதிலாகத் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. இப்பொழுது கண்ணாடியிழைப் பரிசல்களே பெருகியுள்ளன. கன்னடத்தில் இதனை ஹரிகோலு என்றும், பொதுவாகத் தெப்பம் என்றும் கூறுவர்.

பரிசலுக்கு முன்புறம் பின்புறம் என்ற வேறுபாடு கிடையாது. அடிமரமும் இல்லாமையால், ஒருபுறம் மட்டும் துடுப்பை வலித்தால் அது நின்ற இடத்திலேயே சுழலும். பழகியவர் போகவேண்டிய திசையை நோக்கி அமர்ந்து, துடுப்பை எட்டு என்னும் எண்ணின் வடிவில் நீருக்குள் அசைத்துத் தம்மை நோக்கி இழுப்பர். இவ்வாறு செய்தால் பரிசல் நேராகச் செல்லும். அடி தட்டையாக இருப்பதால் முழங்காலளவு நீரிலும், கோரை வளர்ந்த கரையிலும் அது தடையின்றிப் புகும். வலையை எந்தப் பக்கத்திலிருந்தும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் விளிம்பில் இருவர் ஒரே பக்கம் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். கெளிறு துள்ளும்பொழுது அதனைப் பிடிக்க இருவரும் எழுவது விபத்துக்குக் காரணமாகலாம். வலை இழுப்பவர் ஒருவர், எதிர்ப்பக்கம் பாரமாக அமர்ந்திருப்பவர் மற்றவர் என்னும் பழைய முறையையும், மிதவைச் சட்டை அணியும் புதிய முறையையும் ஒருசேரக் கைக்கொள்ளுதல் நலம்.

பரிசலின் மற்றொரு சிறப்பு அதன் ஓசையின்மை. கெளிறு இனத்தில், உடலினுள் உள்ள காற்றுப்பையையும் உட்காதையும் சிறு எலும்புகளின் தொடர் ஒன்று இணைக்கிறது. நீரில் எழும் அதிர்வைக் காற்றுப்பை வாங்கி அவ்வெலும்புகளின் வழியே காதுக்குச் செலுத்துவதால், இம்மீன்களின் செவிப்புலன் மிகக் கூர்மையானது. எஞ்சின் ஒலியையோ, துடுப்பு விளிம்பில் மோதும் ஓசையையோ கேட்ட கெளிறு கரையை விட்டு அகன்றுவிடும். வாயைச் சுற்றியுள்ள மீசைகளில் சுவையறியும் மொட்டுகள் அடர்ந்துள்ளன. உடலின் தோலிலும் அவை பரவியிருக்கின்றன. கலங்கிய நீரில் கண் பயன்படாத இடத்திலும் கெளிறு இரையைத் தேடி அடைவது இவற்றின் துணையால்தான். மண்புழுவும் கோழிக் குடலும் தூண்டிலுக்கு ஏற்ற இரையாக இருப்பதன் காரணமும் அவற்றின் மணமும் சுவையுமே. செயற்கைப் பொய் இரை கெளிற்றிடம் அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

மூன்று மீன்கள், மூன்று சுவாசம்

கெளிறு, அல்லது பேச்சு வழக்கில் கெளுத்தி, என ஒரே பெயரால் அழைத்தாலும் ஏரியில் கிடைப்பவை ஒரே தன்மையன அல்ல. வாளை எனப்படும் வாலாகோ அட்டு இவ்வினத்தைச் சேர்ந்ததே. (கடலில் பிடிபடும் நாடா போன்ற வாளை முற்றிலும் வேறு மீன்.) ஏரி வாளை ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். அது செவுளால் மட்டுமே சுவாசிக்கிறது. ஆகவே பிராணவாயு நிறைந்த நீர் அதற்கு இன்றியமையாதது. தேளி செவுளோடு, முதுகுத் தசைக்குள் வால்நோக்கி நீளும் குழாய் போன்ற இரு காற்றறைகளையும் உடையது. கிளாரியஸ் இனத்துக் கெளிறுகளுக்குச் செவுளுக்குமேல் மரக்கிளை போன்று கிளைத்த ஓர் உறுப்பு உண்டு. இரண்டாவது, நான்காவது செவுள் வளைவுகளிலிருந்து முளைக்கும் இவ்வுறுப்பு நுரையீரலின் பணியைச் செய்கிறது. தேளியும் கிளாரியஸும் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி மீள்கின்றன.

கூதிர்காலத்து விடியலில் பரிசலோட்டி முதலில் பார்ப்பது இதனைத்தான். வெயிற்காலத்தில் மேல்நீர் சூடேறி இலேசாகி மேலே நிற்க, கனத்த அடிநீர் கீழே தங்கிவிடும். அடியில் மட்கும் பொருள்கள் அங்குள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. இரவுகள் குளிர்ந்ததும் மேல்நீர் கனத்து அமிழ, அடிநீர் மேலெழுந்து கலக்கிறது. மேகமூட்டம் தொடர்ந்தால் நீரிலுள்ள பாசியும் போதிய பிராணவாயுவை உண்டாக்குவதில்லை. விடியற்காலையில் குறை மிகுதியாகும். அப்பொழுது காற்று விழுங்கும் மீன்கள் அடிக்கடி மேலே வரும். குமிழி எழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, மாலையில் அங்கு வலை கட்டுவர். மேட்டூர் போன்ற தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களில் பரிசலில் சென்று இடப்படும் உடுவலையும், அடிக்கயிறு இல்லாத ரங்கூன் வலையும் இவ்வகைச் செவுள் வலைகளே.

சாக்கடை கலந்த ஏரியில் இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிறது. 2016 மார்ச் மாதத்தில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நீரில் கரைந்த பிராணவாயு குறைந்ததே காரணமெனக் கருதப்பட்டது. அத்தகைய நீரில் வாளையும் கெண்டையும் மடியும். காற்றை விழுங்கும் மீன் பிழைக்கும். ஆகவே ஓர் ஏரியில் பரிசலுக்கு வரும் மீன் யாது என்பதே அவ்வேரி நீரின் தரத்தை ஓரளவு அறிவித்துவிடும்.

புதிதாக வந்த மீன்

இவ்வாறு வெறுமையாகும் இடத்தில் வந்து புகுந்ததுதான் ஆப்பிரிக்கக் கெளிறு, அதாவது கிளாரியஸ் காரியெபினஸ். ஆப்பிரிக்கக் கண்டத்திற்கும் மேற்காசியாவின் சில பகுதிகளுக்கும் உரிய இம்மீன், 1990-க்குப் பின் வங்காளதேசத்தின் வழியாக அனுமதியின்றி இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்டது. விரைந்து வளர்வதும், இறைச்சிக் கழிவைத் தின்று கொழுப்பதும் வளர்ப்போரைக் கவர்ந்தன. குளங்களிலிருந்து தப்பிய மீன்கள் ஏரிகளையும் ஆறுகளையும் அடைந்தன. ராஜஸ்தானத்தின் கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்திலும், கேரளத்தின் பெரியாறு ஏரியிலும் இது பரவியுள்ளது. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் இதன் இனப்பெருக்கத்தையும் வளர்ப்பையும் தடை செய்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019-இல் அத்தடையை வலியுறுத்தியது. ஆயினும் சந்தையில் நாட்டுக் கெளிறு என்னும் பெயரில் இது விற்கப்படுவதைக் காணலாம்.

நாட்டுக் கிளாரியஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவது கடினமன்று. நாட்டு மீன் அரை மீட்டரைத் தாண்டி வளர்வதில்லை. ஆப்பிரிக்க மீன் ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. ஆகவே இவ்வடிவில் முழங்கை நீளத்திற்கு மிக்க மீன் வலையில் அகப்பட்டால் ஐயத்திற்கே இடமில்லை. சிறிய மீனில் வேறு அடையாளங்களைத் தேடவேண்டும். ஆப்பிரிக்கக் கெளிற்றின் தலை பெரிதாகவும் அகன்று தட்டையாகவும் இருக்கும். உடலில் சலவைக்கல்லைப் போன்ற கரும்புள்ளித் திட்டுகள் பல மீன்களில் தென்படும். மீனைப் புரட்டிப் பார்த்தால், தலையின் அடிப்புறத்தில் இருபுறமும் நீளவாக்கில் கருமையான பட்டை ஓடுவதைப் பெரும்பாலும் காணலாம். மீசைகளை எண்ணுவது பயன்தராது. இரண்டிற்கும் நான்கு இணை மீசைகளே உள்ளன.

இம்மீனின் பெருக்கம் அச்சம் தரத்தக்கது. நாட்டுக் கிளாரியஸான மாகூர் கரையோரப் பொந்தில் சில ஆயிரம் முட்டைகளையே இடும். ஆண் மீன் அவற்றைக் காக்கும். ஆப்பிரிக்கக் கெளிறு மூழ்கிய புற்களின்மேல் பல்லாயிரக் கணக்கில் முட்டையிட்டு அப்படியே விட்டுச் செல்லும். வெதுவெதுப்பான நீரில் ஒன்றரை நாளுக்குள் அவை பொரித்துவிடும். மீன், தவளை, நத்தை, பூச்சி, நீர்ப்பறவைக் குஞ்சு ஆகிய அனைத்தும் அதற்கு உணவாகும். நெருங்கிய இனத்தோடு கலப்புறும் இயல்பும் அதற்கு உண்டு. தாய்லாந்தில் அந்நாட்டுக் கெளிற்றோடு இதனைக் கலந்து பெற்ற மீனே பண்ணைகளில் மிகுதியாக வளர்க்கப்படுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மாகூரை அழியும் நிலையில் உள்ள இனமாகவும், வாளையை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகவும் வகுத்துள்ளது.

ஏரிகளின் தொடர்

ஒரு குளத்து மீன் அக்குளத்தோடு நின்றுவிட்டால் கவலைக்கு இடமிராது. ஆனால் பெங்களூர் ஏரிகள் ராஜகால்வாய்களால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. மேல் ஏரி நிறைந்து வழிந்தால் கீழ் ஏரிக்கு நீர் செல்லும். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் தென்பெண்ணையை அடைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி, அதன்பின் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளுக்குச் செல்கிறது. நகரின் மேற்குப்புற நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து, காவிரியோடு சேர்ந்து, 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடைகிறது. கர்நாடகத்து ஏரியில் கலிங்கு வழியே தப்பிய மீன் தமிழ்நாட்டுப் பரிசல்காரரின் வலையில் அகப்படுவது இவ்வாறே நிகழ்கிறது. மழை இரவில் ஈரத் தரையின்மேல் பக்கத்துடுப்பு முட்களை ஊன்றி ஊர்ந்து, அடுத்த நீர்நிலைக்குச் செல்லும் ஆற்றலும் கிளாரியஸுக்கு உண்டு.

எனவே கூதிர்காலத்தில் பரிசலில் செல்பவர் கையில் ஒரு சிறு தீர்மானம் உள்ளது. ஆப்பிரிக்கக் கெளிறு அகப்பட்டால், சிறியதாயினும் அதனை மீண்டும் நீரில் விடலாகாது. உயிரோடு குடத்தில் வைத்து வேறு குளத்திற்குக் கொண்டுசெல்வதும் தகாது. கொன்ற பின்னரே கரைக்குக் கொண்டுவருதல் வேண்டும். வாளையின் குஞ்சும் மாகூரும் அகப்பட்டால் வலைக்கண்ணை அறுத்தேனும் உயிரோடு விடுதல் நன்று. இதனால் அன்றைய வருவாய் குறையும் என்பது மெய்யே; எடை மிக்க அயல்மீன் அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. அதற்காகக் கண் சிறுத்த வலையை இட்டு ஏரியை அரிப்பது பிழை. அவ்வலையில் முதலில் மடிபவை நாட்டு மீன்களின் குஞ்சுகளே.

வலையிலிருந்து எடுக்கும்பொழுது பக்கத்துடுப்பின் முள்ளில் கவனம் வேண்டும். தேளியின் முள்ளில் நஞ்சுண்டு. அது தேளின் பெயரைத் தாங்கி நிற்பது அதனால்தான். குத்தினால், கை பொறுக்கும் அளவு சுடுநீரில் காயத்தை நெடுநேரம் வைத்திருந்தால் வலி தணியும். வெப்பம் அந்நஞ்சின் வலிமையைக் கெடுக்கிறது. வீக்கம் பெருகினால் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

கெளிறு வளர்க்க விரும்புவோர்க்கு மாகூர் உண்டு. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையம் அதன் குஞ்சுகளைச் செயற்கை முறையில் பெறும் வழியை வகுத்துள்ளது. அந்நிலையத்தின் கிளையொன்று ஹெசரகட்டாவிலேயே இயங்குகிறது. பெண் மீனுக்கு முட்டை குறைவு. ஆண் மீனிடமிருந்து விந்தைப் பிழிந்தெடுக்க இயலாமையால் அதனைக் கொன்றே எடுக்கவேண்டும். ஆகவே மாகூர்க் குஞ்சு விலை மிகுந்தது, வளர்வதும் மெல்லத்தான். வாங்கும்பொழுது மலிவாகவும் ஏராளமாகவும் தருவதாக ஒருவர் கூறினால், குஞ்சின் தலையைப் புரட்டி அடிப்புறத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.