வடிவமைக்கும் முன்

செயலில் இறங்குமுன் தன் வலிமையோடு பிறர் வலிமையையும் ஆராய்தல் வேண்டும் என்பது திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் காட்டும் நெறி. இணையத்தள வடிவமைப்புக்கும் இது பொருந்தும். சங்க இலக்கியத் தாவரங்களுக்கெனத் தளம் அமைக்க விழைவோர், முதலில் அப்பொருளில் முன்னரே உள்ள தளங்களைத் திரட்ட வேண்டும். பின்னர்ப் பயனர் சிலரிடம், ‘குறிஞ்சிப்பூ இடம்பெறும் பாடலைக் கண்டறிக’ என்று அத்தளங்களில் பணி அளித்து, குறுக்கிடாமல் உற்றுநோக்க வேண்டும். அவர்கள் கூறும் கருத்தைவிட, தயங்கி நிற்கும் இடமே மிகுதியாக உணர்த்தும். ஐவரைக் கொண்டு சோதித்தாலே ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குறைகள் வெளிப்படும் என்று 2000ஆம் ஆண்டில் பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் மதிப்பிட்டார். தேடுவோர் வழியறியாது திரும்பின், திரட்டிய அறிவு எவர்க்கும் பயன்படாது. பிறர் தளத்தைப் படியெடுப்பது இவ்வாய்வின் நோக்கமன்று. அங்குத் தேடியும் கிட்டாததைத் தம் தளத்தில் தருவதே நோக்கமாகும்.