மாலைக் கணக்கு

1521ஆம் ஆண்டு பம்ப்லோனாப் போரில் பீரங்கிக் குண்டுபட்டுக் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். மனதைச் சோதிக்க அவர் பின்னர் எழுதிவைத்த முறையில் முதற்படி பிழை தேடுவதன்று. பெற்றவற்றுக்கு நன்றி கூறுவது. அதன் பிறகே, எழுந்த நேரம் முதல் மணிக்கு மணி கணக்குப் பார்த்தல்.

தோட்டக் கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. இன்று வரவு என்ன? அயல் கொட்டிலிலிருந்து வந்த ஒரு சுண்டு அரிசி. வேலியில் நட்ட முருங்கைத் தடியில் ஒரு துளிர். செலவையும் மறைக்க வேண்டாம்: கூலி கிடைக்காத நாள், பிள்ளையின் காய்ச்சல். விட்டுவந்த காணியும் கணக்கில் நிற்கட்டும். நன்றி சொல்வது உரிமையைக் கைவிடுவதாகாது. காணி உறுதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்றிரவு விளக்கை அணைக்குமுன் ஆளுக்கொரு வரவைச் சொல்லுங்கள். சிறுபிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள்.