நெருப்பில்லாத சமையலுக்கு நான்கு காவலர்கள்

சமைக்கும்போது நெருப்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. காய் வேகிறது, நிறம் மாறுகிறது, மணம் வருகிறது. இது நமக்குத் தெரிகிற வேலை. காயிலும் கீரையிலும் ஒட்டியிருக்கும் கிருமிகள் அந்தச் சூட்டில் சாகின்றன. இது கண்ணுக்குத் தெரியாத வேலை.

மதிய உணவுக்கும் பூங்கா உலாவுக்கும் அடுப்பு பற்ற வைக்காமல் செய்யும் 'ரோல்'களை இப்போது பலர் விரும்புகிறார்கள். ஊறவைத்த அரிசித்தாளிலோ சப்பாத்தியிலோ பச்சைக் காய், புதினா, கொத்துமல்லி, கடலை ஆகியவற்றை வைத்துச் சுருட்டினால் போதும். எண்ணெய் இல்லை, வியர்வை இல்லை, கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் நெருப்பு செய்து வந்த அந்த இரண்டாவது வேலையை இனி யார் செய்வது? இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது.

2009 தந்த பாடம்

2009 ஏப்ரல் மாதம் சிங்கப்பூரில், கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இருந்த ஒரு கடையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 154 பேர் வயிற்றுப்போக்காலும் வாந்தியாலும் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் இருவர் இறந்தனர். 'விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்' என்ற பாக்டீரியாதான் காரணம் என்று சுகாதார அமைச்சு கண்டறிந்தது.

இது வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் கிருமி. மீன், இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றோடு சமையலறைக்குள் வரும். 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் 20 பேரைப் பலிகொண்ட உணவு நஞ்சாதலின்போதுதான் இது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. நன்றாகக் கொதிக்க வைத்தால் செத்துவிடும். அப்படியானால் வடையும் உருளைக்கிழங்கும் வெள்ளரிக்காயும் சேர்ந்த ரோஜாக்கில் எப்படி நுழைந்தது? பச்சைக் கடலுணவில் இருந்த கிருமி, உண்ணத் தயாராக இருந்த உணவுக்குத் தாவியிருக்க வேண்டும் என்பதே விசாரணையின் முடிவு.

ரோஜாக்கில் பாதிப் பொருள்கள் ஏற்கெனவே நெருப்பைக் கண்டவை. அதிலேயே இப்படி நடக்கிறது என்றால், எதுவுமே நெருப்பைக் காணாத ரோலில் கூடுதல் கவனம் வேண்டும். அதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. நெருப்புக்குப் பதிலாக நான்கு காவலர்களை நிறுத்தினால் போதும்: கழுவுதல், பிரித்து வைத்தல், புளிப்பு, குளிர்.

முதல் காவலர்: கழுவுதல்

ஓடும் குழாய்நீரில் கழுவும்போது மண்ணும் கிருமிகளில் பெரும்பகுதியும் போய்விடும். எல்லாம் போகாது. கீரையின் மடிப்புகளிலும் நரம்புகளின் ஓரத்திலும் சில தங்கும். அதனால் லெட்டூஸின் வெளி இலைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உள் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவுங்கள்.

எப்போதும் கழுவிய பிறகே வெட்டுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் செல்கள் உடைந்து சாறு கசியும். கிருமிக்கு அது ஒட்டிக்கொள்ள இடமும் தருகிறது, சாப்பாடும் தருகிறது. தோல் சீவப்போகும் வெள்ளரிக்காயையும் மாங்காயையும்கூட முதலில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தோலில் இருப்பதைக் கத்தியே உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியது கையை மட்டும்தான். நம் தோலிலும் மூக்கிலும் வாழும் 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' என்ற பாக்டீரியா உணவில் பெருகினால் ஒரு நச்சைச் சுரக்கும். பிறகு சுட வைத்தாலும் அந்த நச்சு அழியாது.

ஒரே ஒரு பொருளுக்குக் கழுவுவது போதாது. அது முளைவிட்ட பயறு. முளைகட்டத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமி பெருகவும் தேவை. 2011இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தோடு தொடர்புடைய ஈ.கோலி தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பச்சைப்பயறு முளை சேர்க்க ஆசையா? மின்கெட்டிலில் நீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, முளை முழுதும் மூழ்கும்படி ஊற்றி, மூடி 2 நிமிடம் வைத்து வடித்துவிடுங்கள். அடுப்பைத் தொடாமலே வேலை முடிந்தது.

இரண்டாம் காவலர்: பிரித்து வைத்தல்

தேக்கா நிலையத்தில் ஒரே கூரையின் கீழ் மீனும் ஆட்டிறைச்சியும் கீரையும் சமைத்த உணவும் கிடைக்கின்றன. இது பெரிய வசதி. ஆனால் ஒரே பையில் மீனும் புதினாவும் ஒன்றாக வீடு வந்தால், 2009இல் கடையில் நடந்ததுபோன்ற தாவல் உங்கள் பையிலேயே தொடங்கிவிடும்.

ஆகவே காய்கறியை முதலில் வாங்குங்கள், மீனையும் இறைச்சியையும் கடைசியில் வாங்குங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பை வேண்டும். குளிர்பெட்டியில் மீன் கீழ்த்தட்டில், கீரை மேல்தட்டில் இருக்கட்டும். மாற்றி வைத்தால் மீன் நீர் கீரையில் சொட்டும். வெட்டுப்பலகையும் கத்தியும் இரண்டு இரண்டாக இருந்தால் நல்லது. ஒன்றுதான் இருக்கிறது என்றால், முதலில் பச்சையாக உண்ணப்போகும் காய், கடைசியில் மீன் என்ற வரிசையைப் பின்பற்றுங்கள்.

மூன்றாம் காவலர்: புளிப்பு

ஊறுகாய் ஏன் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை? உப்பும் புளிப்பும்தான் காரணம். புளிப்பின் அளவைப் பி.எச். என்ற எண்ணால் குறிப்பார்கள். தூய நீருக்கு 7. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை. நோய் தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 4.6க்குக் கீழே வளரத் திணறும்.

இதை வைத்து ரோலுக்கான தொக்கையும் சட்னியையும் தேர்ந்தெடுக்கலாம். பச்சைத் தேங்காய்ச் சட்னியில் புளிப்புக் குறைவு, ஈரமும் சத்தும் அதிகம். அதனால்தான் காலையில் அரைத்தது மாலைக்குள் ஊசிப்போகிறது. பூங்காவுக்கு அது வேண்டாம். மாங்காய், எலுமிச்சை, புளி சேர்ந்தவை மேல். வீட்டில் பச்சை முட்டையை அடித்துச் செய்யும் மயோனைசையும் தவிர்த்துவிடுங்கள். முட்டையோடு வரக்கூடிய சால்மோனெல்லா கிருமிக்கு அதில் நெருப்பே இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை விதித்தது இதனால்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். புளிப்பு கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும். நெருப்பைப்போல நொடியில் கொல்லாது. எலுமிச்சை பிழிந்துவிட்டோம் என்று கழுவாமல் இருந்துவிட முடியாது.

நான்காம் காவலர்: குளிர்

உகந்த சூடும் ஈரமும் கிடைத்தால் பல பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று, ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். 2 மணி நேரத்தில் 64. 4 மணி நேரத்தில் 4,096. கேலாங் சிராயில் பரவிய விப்ரியோ இன்னும் வேகமானது. நல்ல சூழலில் சுமார் 10 நிமிடத்திலேயே இரட்டிப்பாகக்கூடியது. அதற்கு 4,096 ஆக 2 மணி நேரம் போதும்.

5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதை ஆபத்து வெப்பநிலை என்பார்கள். சிங்கப்பூரில் பகல் வெயில் 31, 32 டிகிரி. அதாவது நம் ஊர்க் காற்றே அந்த எல்லையின் நடுவில் இருக்கிறது. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் வைத்தால் 4 மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் அறிவுரை. அமெரிக்க வேளாண் துறை இன்னும் கண்டிப்பானது. கெடக்கூடிய உணவுக்கு 2 மணி நேரம், வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம் மட்டும் என்கிறது. சமைக்காத ரோலுக்குக் கண்டிப்பான கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காயை வெட்டிய நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

கடிகாரத்தை மெதுவாக்க ஐஸ் போதும். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ் உருகி நீராவதற்கு மட்டும் இழுக்கும் வெப்பத்தைக் கொண்டு, ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரி வரை சூடேற்றிவிடலாம். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். முந்தின இரவே இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை முக்கால் பங்கு நிரப்பி உறைய வையுங்கள். பெட்டியில் அவற்றை உணவுக்கு மேலே வையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கி உணவைச் சூழும். உருகிய பிறகு அதுவே குடிநீர்.

தாள் எப்படி வேகாமல் மென்மையாகிறது?

அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்தால் பால்போல நிற்கும், கெட்டிப்படாது. அரிசித்தாளை அதே தண்ணீரில் நனைத்தால் மட்டும் துணிபோல மடிகிறது. காரணம், அது ஏற்கெனவே வெந்தது. வியட்நாமில் அரிசி மாவுக் கரைசலைத் துணிமேல் ஊற்றி ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் காய வைக்கிறார்கள். தாளில் தெரியும் கட்டம் கட்டமான கோடுகள் அந்தத் தட்டியின் அச்சுதான். கூழ் காய்ச்சி வற்றல் போடும் அதே நுட்பம். நெருப்பு செய்யவேண்டிய வேலை தொழிற்கூடத்திலேயே முடிந்துவிட்டது, நாம் தண்ணீரை மட்டும் திருப்பித் தருகிறோம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெந்த மாவுச்சத்து குளிர்பெட்டியில் வேகமாக இறுகும். நேற்றைய சோறு விறைப்பது இதனால்தான். ரோலைச் செய்து குளிரில் வைத்தால் தாள் தோல்போலாகிறது. வெளியே வைத்தால் கிருமி பெருகுகிறது. என்ன செய்வது?

விடை நம் ஊர்ப் போப்பியாவில் இருக்கிறது. கோதுமைத் தோலில் வேகவைத்த பாங்குவாங் கிழங்கை வைத்துச் சுருட்டும் இந்தத் தின்பண்டத்தை, கேட்ட பிறகுதான் கடைக்காரர் சுருட்டித் தருவார். பெரானாக்கான் குடும்பங்களில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து, அவரவர் தமக்கு வேண்டியதைச் சுருட்டிக்கொள்வார்கள். நாமும் அப்படியே செய்யலாம். காய்களைக் குளிரில் கொண்டுபோய், தாளை உலர்ந்தபடியே கொண்டுபோய், சாப்பிடும் இடத்தில் சுருட்டலாம்.

நால்வருக்கு எட்டு ரோல்

தேவையானவை: அரிசித்தாள் 8, லெட்டூஸ் இலை 8, வெள்ளரிக்காய் 1, கேரட் 1, கிளிமூக்கு மாங்காய் பாதி, புதினாவும் கொத்துமல்லியும் ஒரு கைப்பிடி, வறுத்த நிலக்கடலை அரை கோப்பை, எலுமிச்சை 1, உப்பு, மிளகாய்த்தூள், சிறிது வெல்லம்.

1. கையைச் சோப்பால் 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். காய்களையும் கீரைகளையும் கழுவிச் சுத்தமான துணியில் ஒற்றி உலர்த்துங்கள்.

2. வெள்ளரிக்காயின் விதைப் பகுதியை நீக்கி நீளமாக நறுக்குங்கள். கால் தேக்கரண்டி உப்புத் தூவி 10 நிமிடம் வைத்துப் பிழியுங்கள். வெள்ளரியில் 95 விழுக்காடு நீர். உப்பு, சவ்வூடுபரவல் மூலம் அதில் ஒரு பகுதியை வெளியே இழுத்துவிடும். இதைச் செய்யாவிட்டால் அந்த நீர் ரோலுக்குள் கசிந்து தாளைக் கிழிக்கும்.

3. கேரட்டையும் மாங்காயையும் துருவாமல் மெல்லிய குச்சிகளாக நறுக்குங்கள். துருவினால் உடையும் செல்கள் அதிகம், கசியும் சாறும் அதிகம்.

4. கடலையைப் பொடித்து, எலுமிச்சைச் சாறு, வெல்லம், மிளகாய்த்தூள் சேர்த்துக் கெட்டியாகக் குழையுங்கள். தண்ணீர் விட வேண்டாம்.

5. ஒவ்வொன்றையும் தனித்தனி மூடிய டப்பாவில் போட்டு, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்த பிறகு ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். அறைச் சூட்டில் இருக்கும் காயைக் குளிரவைப்பதிலேயே ஐஸ் தீர்ந்துவிடக் கூடாது.

6. பூமலைக்கோ ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கோ போய்ச் சேர்ந்ததும் மீண்டும் கை கழுவுங்கள். அகலத் தட்டில் குடிநீர் ஊற்றித் தாளைச் சில விநாடி நனைத்து, கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே எடுங்கள். மீதி ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். முதலில் லெட்டூஸ், அதன்மேல் கடலைக் குழைவு, பிறகு காய்கள், கீரைகள். காயின் ஈரம் தாளைத் தொடாமல் லெட்டூஸ் காக்கும். இரு பக்கமும் மடித்து இறுக்கமாகச் சுருட்டுங்கள்.

சுருட்டியதை அங்கேயே உண்டுவிடுங்கள். மிஞ்சிய ரோலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் உடன் வந்தால் அவர்களுக்கு வெந்த காய் வைத்த ரோல் தருவது நல்லது. 'லிஸ்டீரியா' என்ற கிருமி குளிர்பெட்டியிலும் மெல்ல வளரக்கூடியது, இவர்களையே அதிகம் தாக்கும். நான்காம் காவலர் அதனிடம் தோற்றுப்போவார்.

செய்து பாருங்கள்

ஒரே எடையுள்ள இரண்டு பங்கு வெள்ளரித் துண்டுகளை எடுங்கள். ஒன்றில் உப்புத் தூவுங்கள், மற்றதில் வேண்டாம். 15 நிமிடம் கழித்து இரண்டையும் துணியில் ஒற்றிச் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எத்தனை கிராம் நீர் வெளியேறியது? உப்பை இரட்டிப்பாக்கினால் அந்த அளவும் இரட்டிப்பாகிறதா? விடையைக் குறித்து வைத்துக்கொண்டு, பள்ளியில் சவ்வூடுபரவல் பாடம் வரும்போது ஆசிரியரிடம் காட்டுங்கள்.