கென்யாவுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு ஒன்பது அறிவுரைகள்



நம் சபையிலிருந்து கென்யாவின் கடற்கரைப் பகுதிக்கு, மொம்பாசாவுக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும், முதல்முறையாக ஊழியத்துக்குப் போகிறீர்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான (வி.பி.எஸ்.) பாட்டுகளைப் பழகிவிட்டீர்கள். மருத்துவ முகாமுக்கு மருந்துகளைப் பிரித்துக் கட்டிவிட்டீர்கள். உங்கள் ஜெபத்தைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

வெளிநாட்டு ஊழியத்தில் முதலில் ஆட்டம் காண்பது நம் ஜெபம்தான். இங்கே ஜெபித்தபோது பக்கத்தில் அம்மா இருந்தார், சபை இருந்தது, பிறந்ததிலிருந்து பேசிய மொழி இருந்தது. அவை எதுவும் இல்லாத இடத்தில், 'நான் சொல்வது ஆண்டவர் காதில் விழுகிறதா' என்ற கேள்வி எழும். எழுந்தால் பயப்படாதீர்கள். நினைத்தது நடக்கும் என்று உறுதியாக இருப்பதையே ஜெபத்தின்மேல் வைக்கும் நம்பிக்கை என்று பலர் எண்ணுகிறார்கள். நினைத்தது நடந்தாலும் நடக்காவிட்டாலும், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட ஆண்டவர் நல்லவர் என்று அவர் கையில் விட்டுவிட்டு, முன்னால் இருக்கும் வேலையைச் செய்யப் போவதுதான் அந்த நம்பிக்கை. அதைப் பழகுவதற்குத்தான் கீழே உள்ளவை.

1. கையால் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு முழங்காலில் நில்லுங்கள்

நெகேமியாவின் புத்தகத்தைப் புறப்படுமுன் ஒருமுறை வாசியுங்கள். ராஜாவின் முன் நின்றபடியே அவர் மனதுக்குள் ஜெபித்தார். உடனே வழிப்பயணத்துக்குக் கடிதங்களும் கட்டடத்துக்கு மரங்களும் வேண்டும் என்று கேட்டார். பிறகு எதிரிகள் சூழ்ந்தபோது ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். அவருக்கு ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

ஆகவே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லுபடியாகும். அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். மொம்பாசா பக்கம் மலேரியா உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போகுமுன்னும், அங்கே இருக்கும்போதும், வந்தபிறகும் சொன்ன கணக்குப்படி சாப்பிடுங்கள். கர்த்தர் காப்பார் என்று கொசுவலையை மடித்து வைக்கிறவர் காய்ச்சலில் விழுந்தால், ஊழியம் செய்யப் போன இடத்தில் கிராமமே அவருக்கு ஊழியம் செய்யவேண்டி வரும்.

2. ஜெபக்குறிப்பை நோட்டில் எழுதுங்கள்

'எல்லாரையும் ஆசீர்வதியும்' என்று ஜெபிப்பவருக்குப் பதில் வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைக் குழந்தைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், தேவைகளையும் அவற்றுக்காக ஜெபித்ததையும் வந்துசேர்ந்ததையும் எழுதி வைத்தார். நீங்களும் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் என்ன கேட்டீர்கள், எந்தத் தேதியில். வலது பக்கம் என்ன நடந்தது. நடக்காததையும் நடக்கவில்லை என்றே எழுதுங்கள். கேட்டதற்கு மாறாக வேறொன்று நடந்தால் அதையும் எழுதுங்கள். வலது பக்கத்தை அழகுபடுத்த வேண்டாம். பொய்யான சாட்சி நமக்கே விசுவாசத்தைக் கெடுக்கும்.

3. உங்களுக்கு முன்பே அங்கே ஜெபம் இருக்கிறது

ஆண்டவரை நீங்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. மொம்பாசாவுக்குப் பக்கத்தில் ரபாய் என்ற ஊர் உண்டு. ஜெர்மானியரான லுட்விக் கிராப்ஃப், யோகான்னஸ் ரெப்மன் என்ற இரண்டு மிஷனெரிகள் 1846ல் அங்கே ஊழியத்தைத் தொடங்கினார்கள். பிறகு 1860களில் அந்த ஊழியத்துக்குக் கைகொடுத்தவர்கள் நம் நாட்டிலிருந்து போனவர்கள். இந்தியப் பெருங்கடலில் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகளைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து, நாசிக்கில் இருந்த மிஷன் பள்ளியில் படிக்கவைத்தார்கள். அவர்களில் சிலர் வளர்ந்து, தங்கள் கண்டத்துக்கே திரும்பி, ரபாயில் கற்பித்தார்கள். 1875ல் மொம்பாசா அருகே விடுதலை பெற்ற அடிமைகளுக்காக ஃப்ரேர் டவுன் என்ற குடியிருப்பு உண்டானபோதும் அவர்கள் முன்நின்றார்கள். இந்தியாவுக்கும் அந்தக் கரைக்கும் இடையே ஜெபத்தின் பாதை அப்போதே போடப்பட்டாயிற்று.

இன்று கென்யாவில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்கிறார்கள். நம்முடைய முழு இரவு ஜெபம்போல அவர்களுக்கும் உண்டு. அதைக் 'கேஷா' என்பார்கள். அழைத்தால் போய் உட்காருங்கள். முதல் இரவிலேயே நாம் எழுந்து ஜெபிக்கவேண்டாம். அந்தச் சபையின் வயதான அம்மாக்களிடம் போய், எங்களுக்காக ஜெபியுங்கள் என்று தலைகுனியுங்கள். அவர்கள் உங்கள் தலையில் கைவைத்து ஜெபிக்கும்போது, கொடுக்க வந்தவர்கள் என்ற எண்ணம் உங்களைவிட்டு நீங்கும். அது நீங்கினால்தான் ஜெபம் தொடங்கும்.

4. புரியாத மொழியில் ஆமென் சொல்லப் பழகுங்கள்

அங்கே சுவாஹிலியிலும் கிரியாமாவிலும் ஜெபிப்பார்கள். ஒரு சொல்லும் விளங்காது. செல்போனை எடுத்து அர்த்தம் தேடாதீர்கள். கண்ணை மூடி அந்தக் குரலோடு இருங்கள். என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று நமக்கே தெரியாத நேரத்திலும் ஆவியானவர் நமக்காக மன்றாடுகிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதினாரே, அதை அனுபவமாக அறிய இதைவிட நல்ல இடம் கிடையாது. உங்கள் முறை வரும்போது தமிழில் ஜெபியுங்கள். பாதி தெரிந்த ஆங்கிலத்தில் சொல் தேடி நின்றால் மனம் சொல்லின் பின்னால் போய்விடும். மொழிபெயர்ப்பவர் இருந்தால் சிறுசிறு வாக்கியமாக நிறுத்திச் சொல்லுங்கள்.

5. கேட்டது கிடைக்காதபோது ஓடிப்போகாதீர்கள்

இதுதான் முக்கியமானது. மற்ற எட்டையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கிராப்ஃப் 1844ல் மனைவி ரோசினாவோடு மொம்பாசாவுக்கு வந்தார். அதே வருஷம் ஜூலையில் ரோசினா ஒரு பெண் குழந்தையைப் பெற்று, காய்ச்சலில் இறந்தார். சில நாட்களில் குழந்தையும் இறந்தது. கிராப்ஃபும் காய்ச்சலில் கிடந்தார். மனைவிக்காக அவர் ஜெபிக்காமலா இருந்திருப்பார்? ஆனாலும் அனுப்பிய சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஊழியத்தைக் கைவிடுகிறேன் என்ற பேச்சு இல்லை. ஆப்பிரிக்கக் கரையில் ஒரு கல்லறை இருக்கிறது, ஆகவே வேலை தொடங்கிவிட்டது என்ற பொருளில் எழுதினார். எழுந்து உட்கார்ந்து சுவாஹிலியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் வேலையைத் தொடர்ந்தார். பல வருஷம் உழைத்தபின் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் ம்ரிங்கே என்ற நடக்க முடியாத ஏழை மனிதர், அதுவும் மரணப்படுக்கையில். ரோசினாவின் கல்லறை இன்றும் மொம்பாசாவின் எதிர்க்கரையில் நியாலியில் இருக்கிறது. முடிந்தால் போய்ப் பாருங்கள்.

வேதாகமமும் இதை மறைக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து நடத்திக்கொண்டு வருகிறான். ஒரே சபை, ஒரே ஆண்டவர். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை. பேதுருவுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ, அவர் வாசலில் நிற்கிறார் என்று ரோதை என்ற பெண் ஓடிவந்து சொன்னபோது நம்பவில்லை. ஆகவே விடுதலை வந்தது அவர்கள் விசுவாசத்தின் அளவால் என்று யாரும் சொல்லமுடியாது.

பவுலையும் பாருங்கள். யூதேயாவில் எதிரிகளிடமிருந்து தான் தப்பவும், சந்தோஷத்தோடு ரோமாபுரிக்கு வந்துசேரவும் தனக்காகப் போராடி ஜெபிக்கும்படி ரோமச் சபையை அவர் கேட்டுக்கொண்டார். நடந்தது என்ன? எருசலேமில் பிடிபட்டார். செசரியாவில் இரண்டு வருஷம் காவல். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறினார். கடைசியில் ரோமாபுரிக்கு வந்தார், கைதியாக. அங்கே வீட்டுக்காவலில் இருந்தபடிதான் வருகிறவர்களுக்கெல்லாம் தடையில்லாமல் பிரசங்கித்தார். ஜெபம் கேட்கப்பட்டதா? கேட்கப்பட்டது. அவர் எழுதிக்கொடுத்த வழியில் அல்ல.

உங்களுக்கும் இப்படி நடக்கும். நீங்கள் கைவைத்து ஜெபித்த குழந்தை அடுத்த வாரம் இறந்துபோகலாம். அப்போது அந்தத் தாயிடம் காரணம் சொல்லாதீர்கள், விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அழுங்கள். இரவில் ஆண்டவரிடம் ஏன் என்று கேளுங்கள். சங்கீதக்காரர் கேட்டார், நீங்களும் கேட்கலாம். அவரிடமே கேட்டுக்கொண்டிருக்கும்வரை நீங்கள் அவரைவிட்டுப் போகவில்லை.

6. யாருடைய மாத்திரையையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்

கென்யாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் பலர், தினமும் சாப்பிடும் மாத்திரையால் நன்றாக இருக்கிறார்கள். ஜெபித்தபின் ஒருவர், 'எனக்குச் சுகமாகிவிட்டது, மருந்தை விட்டுவிடவா' என்று கேட்டால், பதில் ஒன்றுதான்: 'மருந்தை விடவேண்டாம், ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்து அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.' உண்மையான சுகத்துக்குப் பரிசோதனையைக் கண்டு பயமில்லை.

உபவாசத்தைப் பற்றியும் கவனமாகப் பேசுங்கள். நீங்கள் போகிற கிலிஃபி மாவட்டத்தில்தான் ஷகஹோலா காடு இருக்கிறது. பட்டினி கிடந்து இறந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று நம்பவைக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரின் உடல்களை 2023 ஏப்ரல் முதல் அங்கே தோண்டி எடுத்தார்கள். 400க்கும் மேற்பட்ட உடல்கள். அவற்றில் குழந்தைகளும் உண்டு. அந்தப் பக்கத்து மக்களின் காயம் இன்னும் ஆறவில்லை. வெளியூரிலிருந்து வந்த உங்களுக்கு, அவர்களை உபவாசிக்கச் சொல்லி வற்புறுத்த உரிமை இல்லை. ஜெபம் உயிரைக் காக்கும் பக்கத்தில்தான் நிற்கவேண்டும்.

7. 'ஜெபித்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள்

ஒருவர் தன் பாரத்தைச் சொன்னால் அங்கேயே, அப்போதே, இரண்டு வாக்கியமாவது ஜெபியுங்கள். பிறகு உங்கள் கையில் செய்ய என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2020 முதல் கென்யாவின் வறண்ட பகுதிகளில் தொடர்ந்து ஐந்து மழைக்காலம் பொய்த்தது. ஆடுமாடு செத்தது. 2023 பிப்ரவரி 14 அன்று நைரோபியின் நயாயோ மைதானத்தில் நாடே மழைக்காக ஜெபித்தது. மழை வந்தது. ஆனால் அந்த வருஷக் கடைசியிலும் 2024லும் வெள்ளமாகவும் வந்தது. அந்த மக்கள் இரண்டு காலத்திலும் ஜெபித்தார்கள், இரண்டு காலத்திலும் குடம் சுமந்தார்கள், பக்கத்து வீட்டுக்குச் சோறு கொடுத்தார்கள். அவர்களோடு தண்ணீர் சுமந்துவிட்டு மழைக்காக ஜெபியுங்கள். ஜெபத்தில் அழுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

8. மனம் வறண்ட நாளில் கற்ற ஜெபத்தைச் சொல்லுங்கள்

சில நாள் கழித்து உடம்பு தளரும், வீட்டு ஞாபகம் வரும், ஜெபிக்க வாய் திறந்தால் ஒன்றும் வராது. உங்களைத் துரோகி என்று எண்ணிக்கொள்ளவேண்டாம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். சிறுவயதில் மனப்பாடம் செய்த சங்கீதத்தைச் சொல்லுங்கள். உணர்ச்சி வராத நாளில் பழக்கம் உங்களைத் தாங்கும். தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தது அதனால்தான் ஆபத்து நாளிலும் நிற்கவில்லை.

குழுவுக்குள் சண்டை வந்தால் முதலில் ஒப்புரவாகுங்கள், பிறகு ஜெபியுங்கள். இந்த வரிசை ஆண்டவர் வைத்தது.

9. திரும்பி வந்தபின்தான் உங்கள் ஜெபத்துக்குச் சோதனை

ரெப்மன் 1846ல் வந்தவர், 1875 வரை சொந்த ஊருக்குப் போகவே இல்லை. கண்பார்வை போனபிறகுதான் ஜெர்மனிக்குத் திரும்பினார், அடுத்த வருஷம் காலமானார். அவர் கண்ட விசுவாசிகள் மிகச் சிலர். இன்று அந்த நாடு முழுவதும் ஆலயமணி அடிக்கிறது. அவருடைய ஜெபத்தின் பலன் அவர் கண்ணுக்குக் காட்டப்படவில்லை, ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

நீங்கள் சில வாரத்தில் வந்துவிடுவீர்கள். சபையில் சாட்சி சொல்லும்போது நோட்டின் வலது பக்கத்தை முழுவதும் வாசியுங்கள், நடக்காததையும் சேர்த்து. அதைக் கேட்டு, ஜெபித்தும் பதில் காணாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் தைரியம் பெறுவார். பிறகு நீங்கள் பார்த்த ஒரே ஒரு கிராமத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருநாள் அதற்காக ஜெபியுங்கள். அங்குள்ள போதகரிடம் மாதம் ஒருமுறை, 'எதற்காக ஜெபிக்கட்டும்?' என்று கேளுங்கள். உங்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் புறப்படுகிற பிள்ளைகளுக்கு இந்த அறிவுரைகளை நீங்கள்தான் சொல்லவேண்டும். அப்போது என் சொல்லைத் திருப்பிச் சொல்லாமல், உங்கள் நோட்டிலிருந்து சொல்லுங்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.