போலியோவும் டிடிடியும்: கிராஃப் சொல்லாத கதை

போலியோ வைரஸால் வரவில்லை, டிடிடி பூச்சிமருந்தால்தான் வந்தது என்று ஒரு கிராஃப் உங்கள் குடும்ப குரூப்புக்கும் வந்திருக்கலாம். அமெரிக்காவில் டிடிடி ஏறும்போது போலியோவும் ஏறுது, அது இறங்கும்போது இதுவும் இறங்குது. பார்த்தா நம்பத்தான் தோணும்.

ஆனா அந்த கிராஃப் எந்த வருஷத்தில் தொடங்குதுன்னு பாருங்க. 1940. டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று பால் முல்லர் கண்டறிந்ததே 1939-ல்தான். நியூயார்க் நகரில் போலியோ 2,000-க்கும் அதிகமானவர்களைக் கொன்றது 1916-ல்! அதற்கும் முன்பே, 1908-ல் வியன்னாவில் லேண்ட்ஸ்டைனரும் பாப்பரும் போலியோவில் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடச் சாற்றைக் குரங்குகளுக்குச் செலுத்தி, நோய் தொற்றுவதைக் காட்டிவிட்டார்கள். அந்தச் சாற்றில் பாக்டீரியா எதுவும் இல்லை. நம்ம நாட்டில் 2011-லும் மலேரியா கொசுவுக்கு டிடிடி அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். போலியோ மட்டும் 2011 ஜனவரியோடு நின்றுபோனது.

அப்போ தடுப்பூசி பற்றிய பயம் மொத்தமும் வதந்தியா? இல்லை. இன்ஜினியரிங் படிக்கிற நாம கவனிக்க வேண்டியது இங்கேதான்.

1955 ஏப்ரல் 12 அன்று, சால்க்கின் தடுப்பூசி பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். அன்றைக்கே உரிமமும் கொடுத்தாச்சு. இரண்டு வாரத்துக்குள் கலிஃபோர்னியாவின் கட்டர் நிறுவன ஊசி போட்ட குழந்தைகளுக்குக் கை முடங்க ஆரம்பித்தது, பெரும்பாலும் ஊசி போட்ட அதே கை. செத்திருக்க வேண்டிய வைரஸ் மருந்துக்குள் உயிரோடு இருந்தது. சுமார் 200 பேருக்கு முடக்கம், 10 பேர் மரணம்.

எப்படி? ஃபார்மலின் வைரஸைக் கொல்லும் வேகத்தை சால்க் லாக் ஸ்கேலில் வரைந்தார். நேர்கோடு வந்தது. அதை அப்படியே நீட்டி, இத்தனை நாள் ஊறினால் போதும் என்று கணக்குப் போட்டார். எக்ஸ்ட்ராபொலேஷன், நாம லேபில் செய்யுற அதே வேலை. ஆனா செல் துணுக்குகளோடு கட்டியாகத் திரண்ட வைரஸுக்குள் ஃபார்மலின் போகவில்லை. கோடு கடைசியில் வளைந்து, வால் மாதிரி நீண்டது. மிச்சமிருந்த அந்தக் கொஞ்சத்தை அன்றைய சோதனைகளால் பிடிக்க முடியவில்லை. பிறகு, ஊறவைக்கும்போது நடுவில் ஒருமுறை கூடுதலாக வடிகட்டினார்கள். சோதனைக்கு எடுக்கும் அளவையும் கூட்டினார்கள்.

சொட்டு மருந்தின் கதை வேறு. அதில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். மிக அரிதாக அது வலுவை மீட்டு முடக்கம் தரும். அதனால்தான் 2016 ஏப்ரலில் இரண்டாம் வகை வைரஸை வழக்கமான சொட்டு மருந்திலிருந்து உலகம் முழுக்க எடுத்துவிட்டார்கள்.